சடையங்குப்பத்து வெள்ளமும் நம் நீர்க்குடமும்

வடகிழக்குப் பருவமழை வலுத்துப் புழலேரி நிரம்புங்காலத்தில், அதன் மிகைநீர் திறந்துவிடப்படும் என்று அரசினர் முன்னறிவிப்பு ஒன்று வெளியிடுவது வழக்கம். கால்வாயின் இருமருங்கிலும் தாழ்ந்த இடங்களில் வாழ்வோர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு அதிற் கேட்டுக்கொள்ளப்படும். ஊர்களின் பெயர்களும் வரிசையாகக் கூறப்படும். நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட்லைன், புழல், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி என்று நீர் செல்லும் வழியே சென்று, அவ்வரிசை சடையங்குப்பம் என்னும் பெயரில் முடியும். பூண்டி நீர்த்தேக்கத்தினின்று கொசஸ்தலையாற்றில் நீர் விடப்படும்பொழுது வெளியாகும் அறிவிப்பிலும் எண்ணூருக்குச் சற்று முன்பாக இவ்வூரின் பெயரைக் காணலாம். ஓர் ஊர் இரண்டு பட்டியல்களிலும் இடம் பெறுவதும், இரண்டிலும் கடைசியில் நிற்பதும் தற்செயலன்று. மேலேயுள்ள ஊர்களெல்லாம் கழித்த நீர் இங்கு வந்து தேங்கிய பின்னரே கடலைச் சேர்கின்றது.

சடையங்குப்பம் முன்னர்த் தனி ஊராட்சியாக இருந்து, 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி விரிந்தபோது அதனுள் அடங்கியது. வடக்கே கொசஸ்தலையாறும், கிழக்கே பக்கிங்காம் கால்வாயும், சுற்றிலும் சதுப்பும் உப்பங்கழியும் உடைய தாழ்நிலம் அது. இக்கால்வாயின் வடபகுதி 1806-இல் வெட்டப்பட்டுக் காக்ரேன் கால்வாய் எனப்பட்டது. பக்கிங்காம் கோமகன் சென்னை ஆளுநராயிருந்த காலத்து, 1878-இல், இப்போதைய பெயரைப் பெற்றது. மரக்காணத்து உப்பையும் ஆந்திர நாட்டு விறகையும் தோணியில் ஏற்றி வந்த அந்நீர்வழியில் இன்று தோணி இல்லை. அதன் கரையை அடுத்து மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், உர ஆலைகளும், இரசாயனத் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. சுத்திகரிப்பு ஆலை 1969-இல் தொழில் தொடங்கியது. ஆகவே இவ்வூரை நோக்கி வரும் வெள்ளத்தில் வானத்து நீர் மாத்திரமன்றிப் பிறவும் கலந்திருக்கக்கூடும்.

நிற்க. நாம் இக்கட்டுரையை எழுதப் புகுந்த காரணத்தையும் ஈண்டுச் சொல்லிவிடுதல் முறை. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்த பின்னர், வகுப்பிலே குடிநீரைத் தூய்மை செய்யும் முறைகளைப் பற்றி நாம் விரித்துரைத்துக்கொண்டிருந்தோம். நீரைக் காய்ச்சுங்கள், குளோரின் மாத்திரை இடுங்கள் என்று வழக்கம்போற் கூறினோம். அப்பகுதியினின்று வரும் மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அந்த மாத்திரை எண்ணெயையும் எடுத்துவிடுமா?" என்று கேட்டார். நாம் சற்றும் ஆராயாமல், "நன்றாகக் காய்ச்சினால் எல்லாம் போய்விடும்" என்று விடை பகர்ந்தோம். அது பிழையான விடை. வீடு சென்று புத்தகத்தைப் புரட்டிய பின்னரே எவ்வளவு பிழையென்று விளங்கிற்று. மறுநாள் வகுப்பில் அதனைத் திருத்தினோம். எனினும், நம்மைப் போலவே எண்ணிக்கொண்டிருப்போர் இன்னும் பலர் இருப்பாராதலின், அத்திருத்தத்தை இங்கே விரிவாக எழுதுகின்றோம்.

அப்புயலில் நிகழ்ந்தது இது. மணலிச் சுத்திகரிப்பு ஆலையின் பக்கத்தினின்று எண்ணெய் மழைநீரோடு வெளிப்பட்டு, பக்கிங்காம் கால்வாயிற் புகுந்து, கொசஸ்தலையாற்றின் முகத்துவாரம் வழியாக எண்ணூர்க் கழியிலும் கடலிலும் பரவிற்று. ஆலையில் மழைநீரைக் கையாளும் ஏற்பாடு போதாதிருந்தது என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானே முன்வந்து வழக்கை எடுத்து விசாரித்தது. திருவொற்றியூர், எர்ணாவூர்ப் பக்கங்களில் வெள்ளம் வடிந்த வீடுகளின் சுவர்களில், நீர் நின்ற உயரத்தைக் காட்டும் கறுப்புக் கோடு எண்ணெயால் எழுதப்பட்டிருந்தது. கழியில் வலை வீசிப் பிழைக்கும் மீனவர்களே படகிற் சென்று குவளையாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளினர். அவர்களிற் பலருக்குத் தக்க கையுறையும் இல்லை.

இனி, விஷயத்துக்கு வருவோம். வெள்ளநீர் நமக்கு இருவகையாற் கேடு செய்யும். ஒன்று உயிருள்ளது, மற்றொன்று உயிரற்றது. உயிருள்ளது கிருமி. உயிரற்றது எண்ணெயும் இரசாயனமும். நாம் தலைமுறை தலைமுறையாகக் கற்று வந்த நீர்ச் சுத்தியெல்லாம் முதலாவதற்கு ஏற்பட்டது. இலண்டன் மாநகரில் 1854-இல் ஜான் ஸ்நோ என்னும் வைத்தியர், வாந்திபேதி நீரின் வழியே பரவுகின்றது என்பதை ஒரு தெருக்குழாயைக் கொண்டு காட்டினார். அதன் கிருமியை ராபர்ட் காக் என்பார் 1884-இல் நம் கல்கத்தாவில் ஆராய்ந்து உறுதி செய்தார். இவ்விஷயத்தில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு, பெருமைக்குரிய பங்கன்று. 1992-இல் அதுவரை உலகம் அறிந்திராத புதுவகை வாந்திபேதிக் கிருமி முதன்முதலிற் கண்டறியப்பட்டது இந்நகரத்திலேதான். ஓ139 என்று அதற்கு எண்ணிட்டனர்.

கிருமியைக் கொல்லக் கொதிநீர் போதும். நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு முழு நிமிடம் கொதித்தால் நோய்க்கிருமிகள் மாயும். கால்மணி நேரம் காய்ச்சி எரிவாயுவை வீணாக்க வேண்டுவதில்லை. ஆயினும், வெள்ளம் புகுந்த வீட்டிலே அடுப்பு நீருக்குள்ளிருக்க, "காய்ச்சிக் குடியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது, செய்வது அரிது. அப்பொழுது உதவுவது குளோரின். இங்கே அளவு முக்கியம். குளோரின் மாத்திரைகள் பல அளவுகளில் வருகின்றன. ஒரு மாத்திரை எத்தனை லிட்டர் நீருக்கு என்பது உறையின்மேல் அச்சிட்டிருக்கும். அதைப் படியாமல் இடலாகாது. இட்ட பின் அரைமணி நேரம் மூடிவைத்துப் பிறகே பருக வேண்டும். இட்டவுடன் குடிப்பவர் மருந்தையும் குடிக்கிறார், கிருமியையும் குடிக்கிறார். அரைமணி கழிந்த பின்னும் நீரில் மெல்லிய குளோரின் மணம் இருப்பது நல்ல அறிகுறி.

சலவைத்தூள், அஃதாவது பிளீச்சிங் பவுடர், வீடுவீடாக வழங்கப்படுவதுண்டு. அதனை ஒரு சிட்டிகை எடுத்துக் குடத்தில் தூவும் பழக்கம் நல்லதன்று. நல்ல தூளாயின் ஆயிரம் லிட்டர் தெளிந்த நீருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் போதுமென்பது சுகாதார நூல்களில் உள்ள கணக்கு. அவ்வாறாயின் பதினைந்து லிட்டர்க் குடத்துக்கு எவ்வளவு ஆகும்? நம் மாணவர் காகிதத்தில் வகுத்துப் பார்க்கட்டும், 0.0375 கிராம் வரும். தட்டானின் தராசுக்கும் அது அகப்படாது. ஆகையால் அத்தூள் கிணற்றுக்கும் தொட்டிக்கும் உரியது. குடத்துக்கு மாத்திரையே உரியது. தூளுக்கு மற்றொரு குறையும் உண்டு. காற்றும் ஒளியும் ஈரமும் பட்டால் அதன் வீரியம் கழிந்துவிடும். சென்ற ஆண்டு திறந்து வைத்த பொட்டலம் இவ்வாண்டு சுண்ணாம்பாகவே பயன்படும். கலங்கல் நீர் குளோரினைத் தானே உண்டுவிடும் என்பதையும் மறக்கலாகாது. முதலில் நீரைத் தெளியவைத்து, மடித்த பருத்தித் துணியில் வடித்து, அதன் பிறகே மருந்திட வேண்டும். ஒரு குறிப்பிட்ட நீருக்கு எவ்வளவு தூள் வேண்டும் என்று அறிய ஹாராக்ஸ் என்னும் படை வைத்தியர் அமைத்த ஆறு கிண்ணச் சோதனை இன்றும் சுகாதார ஊழியரிடம் உண்டு. வெள்ளம் மூடிய கிணற்றை அவர்கள் சோதித்து மருந்திட்ட பின்னரே புழங்க வேண்டும்.

இதுகாறும் கூறியது கிருமிக்கு. இனி எண்ணெய்.

எண்ணெய் கலந்த நீரில் குளோரின் இட்டாற் பயனில்லை. குளோரின் உயிரணுவைச் சிதைத்துக் கொல்லுவது; எண்ணெயிற் கொல்லுவதற்கு உயிர் ஏது? காய்ச்சினாலோ, பென்சீன் போன்ற இலேசான பொருள்கள் ஆவியாகி அடுப்படியில் நிறையும். அதனைச் சுவாசிப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் அவர்கள் இடுப்பிலுள்ள குழந்தைகளுமே. கனமான பகுதி நீரிலேயே நிற்கும். பென்சீனை நெடுங்காலம் உட்கொள்வது இரத்தப் புற்றுக்கு ஏதுவாகும் என்பது ஐயமின்றித் தெளிந்த செய்தி. துணியில் வடித்தால் மிதக்கும் எண்ணெயிற் சிறிது துணியில் ஒட்டும். கரைந்தது துணியைக் கடந்துவிடும். நம் பாட்டிமார் கலங்கல் நீரைத் தெளிவிக்கக் குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை இழைப்பர். அது மண்ணைப் படியச் செய்யும் அருமையான உபாயம், படிகாரமும் அவ்வாறே. ஆனால் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரில் எண்ணெயின் கரைசல் அப்படியே இருக்கும். கலங்கல் நீரைக் கண்டு விலகுவோன், தெளிந்த நீரை நம்பிப் பருகுவான். இவ்விடத்தில் தேற்றாங்கொட்டையே ஏமாற்றக்கூடும். கரி ஓரளவு எண்ணெயை ஈர்க்குமெனினும், அது எவ்வளவு ஈர்த்தது, எப்போது நிரம்பிற்று என்று வீட்டில் அறிய வழியில்லை. சுவரில் மாட்டிய வடிகருவியோ எண்ணெய் பட்டால் தானே பாழாகும்.

ஆகவே இந்நீருக்குச் சுத்தி இல்லை. விலக்கு ஒன்றே உண்டு. நீரின்மேல் வானவில் போன்ற மினுமினுப்பு ஓடினாலும், மண்ணெண்ணெய் அல்லது தார் நாற்றம் வீசினாலும், அது குடிக்கவும் ஆகாது, சமைக்கவும் ஆகாது, குளிக்கவும் ஆகாது. லாரியிலோ புட்டியிலோ வரும் நன்னீருக்காகவே காத்திருக்க வேண்டும். காத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதை நாம் அறியாமலில்லை. அதனாலேயே முன்னறிவிப்புக்கும் வெள்ளத்துக்கும் இடையேயுள்ள அந்தச் சில மணிநேரம் பொன்னானது. மதகு திறக்கும் செய்தி காதில் விழுந்தவுடன், வீட்டிலுள்ள குடம், அண்டா, தவலை அனைத்திலும் குழாய்நீரை நிரப்பி, இறுக மூடி, பரண்மேலோ மாடியிலோ ஏற்றிவிட வேண்டும். பருகுவதற்கு மாத்திரம் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் என்று கணக்கிடலாம். ஐவர் உள்ள குடும்பத்துக்கு நான்கு நாளைக்கு அறுபது லிட்டர், அஃதாவது நான்கு குடம். சமையலுக்கு இன்னும் சில. மழையிலே நனைந்துகொண்டு டி.வி.யையும் மெத்தையையும் மேலே ஏற்றுகிறோம், குடத்தை மறந்துவிடுகிறோம்.

எண்ணெய் வீட்டிற்குள் வந்துவிட்டால், சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் உண்டாக்கும் முன் தீக்குச்சி கிழிக்கலாகாது, மின்விசையையும் தட்டலாகாது. சிறுவரும் கருவுற்ற மாதரும் ஆஸ்துமா நோயாளரும் கழுவும் வேலையில் இறங்கலாகாது. இறங்குவோர் ரப்பர்க் கையுறையும் முழங்கால் அளவு ரப்பர்ச் செருப்பும் அணிதல் வேண்டும். தோலில் ஒட்டிய எண்ணெயைப் போக்கப் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ தேய்ப்பது பட்டறைகளிலே கண்ட தீய வழக்கம்; அது தோலைப் புண்ணாக்கி நஞ்சை உள்ளே செலுத்தும். தேங்காயெண்ணெயையோ நல்லெண்ணெயையோ தடவி, அது கரைத்ததைத் துணியால் துடைத்து, பின்பு சோப்பிட்டுக் கழுவுவதே சரியான முறை. எண்ணெயை எண்ணெயால் எடுப்பது என்று நினைவில் வைக்கலாம். குழந்தை தவறி அதனை விழுங்கிவிட்டால், வாயில் விரலிட்டு வாந்தி எடுக்கச் செய்யவே கூடாது. வாந்தியாகும்போது எண்ணெய் நுரையீரலுக்குட் சென்றால் வயிற்றுக்குச் செய்யும் கேட்டினும் பன்மடங்கு கேடு விளையும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க. தரைத்தொட்டியின் சுவரிற் படிந்த பிசுக்கைச் சலவைச் சோப்பால் தேய்த்துப் பலமுறை கழுவி, நாற்றம் அறவே நீங்கிய பின்னரே நீர் நிரப்ப வேண்டும். எவர்சில்வர், பித்தளைப் பாத்திரங்கள் கழுவினாற் சுத்தமாகும். பிளாஸ்டிக் குடமோ எண்ணெயின் மணத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். அதை விட்டுவிடுவதே நலம்.

வெள்ளம் வடிந்த பிறகு மெல்ல வருவது எலிக்காய்ச்சல். எலி, பெருச்சாளி, மாடு இவற்றின் சிறுநீர் கலந்த நீர், காலிலுள்ள சிறு கீறல் வழியே உட்புகுந்து உண்டாக்கும் நோய் இது. 1886-இல் வைல் என்னும் ஜெர்மானிய வைத்தியர் இதன் கடிய வகையை விவரித்தார். நீரில் நடந்து பெரும்பாலும் ஐந்து நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் காணும். கெண்டைக்காலில் தொடவும் பொறுக்காத வலியும், கண்சிவப்பும் இதற்குச் சிறப்பான குறிகள். சாதாரணக் காய்ச்சலென்று மாத்திரை விழுங்கிக் காத்திருப்போருக்குப் பிறகு மஞ்சட்காமாலையும் சிறுநீரகக் கேடும் உண்டாகலாம். வைத்தியரிடம் செல்லும்போது, "நான் வெள்ளநீரில் நடந்தேன்" என்ற ஒரு வாக்கியத்தைத் தவறாது சொல்ல வேண்டும். வைத்தியர் கேட்கட்டும் என்று இருந்துவிடலாகாது; நெரிசல் மிக்க புறநோயாளர் வரிசையிலே அவருக்கு அதைக் கேட்க நேரமிராது. நீரில் நின்றே வேலை செய்ய வேண்டியவர்களுக்கு இந்நோய் வாராமற் காக்கும் மருந்தும் உண்டு; அது வைத்தியர் சொற்படியே உட்கொள்ளத்தக்கது.

பேதி கண்டால் உடலினின்று கழிந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்வதே உயிர் காக்கும் சிகிச்சை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லாதவிடத்து, ஒரு லிட்டர் தூயநீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாக ஊட்டலாம். உப்பு மிகுதல் ஆபத்து. 1971-இல் வங்க அகதிகள் முகாமொன்றில் திலீப் மகலனாபிஸ் என்னும் வைத்தியர், ஊசிவழியே செலுத்தும் நீர் தீர்ந்துபோக, இத்தகைய கரைசலை வாய்வழியே கொடுக்கச் செய்தார். அதற்குமுன் நூற்றுக்கு முப்பதுபேர் வரை மாண்டனர். கரைசல் பெற்றோரில் நூற்றுக்கு நால்வரும் மாளவில்லை. அதனைக் கரைத்து ஊட்டியவர்களிற் பெரும்பாலோர் நோயாளிகளின் தாய்மாரும் சுற்றத்தாருமே.

அதே 2023 டிசம்பரில், எண்ணெயின் கறை போகுமுன், மற்றோர் இடர் வந்தது. 26-ஆம் நாள் நள்ளிரவையொட்டி, எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உரத்தொழிற்சாலைக்குக் கப்பலினின்று அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு உண்டாயிற்று. உறக்கத்திலிருந்த மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் கொண்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர். பலர் ஆஸ்பத்திரியிற் சேர்க்கப்பட்டனர். இங்கே நீர் பகையன்று, நட்பு. அம்மோனியா நீரில் மிக விரைவிற் கரையும் இயல்பினது. ஆகையால் நனைத்த துணியை மூக்கிலும் வாயிலும் கட்டிக்கொண்டால் அதிற் பெரும்பகுதி துணியிலேயே தங்கிவிடும். அந்த வாயுவுக்குக் காற்றைவிட எடை குறைவென்று நாம் இரசாயன வகுப்பிற் படிக்கிறோம். ஆனால் குளிர்ந்த நிலையிற் பீறிடும்போது ஈரத்தோடு கூடி வெண்புகையாகத் தரையை ஒட்டித் தவழவும் கூடும். எனவே மேலே போய்விடும் என்று நம்பி நிற்கலாகாது. காற்று வீசும் திசையிலேயே ஓடினால் வாயு நம்மைத் துரத்தும். காற்றுக்குக் குறுக்காக ஓட வேண்டும். கொடியோ மரக்கிளையோ கட்டிய துணியோ அசைவதைப் பார்த்துத் திசை தெரிந்துகொள்ளலாம். ஓட இயலாத முதியோர் உள்ளறையிற் கதவடைத்து, இடுக்குகளில் ஈரத்துணி செருகி இருப்பது நன்று. கண்ணில் பட்டால் கால்மணி நேரம் நன்னீரால் விடாமற் கழுவ வேண்டும். பரண்மேல் ஏற்றிய குடத்துக்கு இப்படியும் ஒரு பயன்.

இவ்வளவையும் எழுதிய பின் அரசினரின் அந்த முன்னறிவிப்பை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். வினாடிக்கு எத்தனை கன அடி நீர் திறக்கப்படுகின்றது என்று அதில் இருந்தது, நன்று. ஆனால் கன அடியைக் கொண்டு சடையங்குப்பத்துத் தாய் என்ன செய்வாள்? நீர் தன் தெருவை எத்தனை மணிக்கு எட்டும், எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்க இடம், நன்னீர் லாரி எங்கே நிற்கும் என்ற மூன்றுமே அவளுக்கு வேண்டியவை. இவற்றோடு நான்காவதாக, ஆலைகளின் மழைநீர்க் கால்வாய்கள் அந்நேரம் அடைக்கப்பட்டனவா, திறந்திருக்கின்றனவா என்பதும் சேர்க்கப்படுமாயின், வருவது கிருமி நீரா எண்ணெய் நீரா என்று அவள் முன்னரே அறிவாள். ஆலையின் உள்ளே அறிந்தவர் சிலர். வெளியே குடிப்பவர் பலர்.

நம் கல்லூரியின் பழைய மாணவர் சிலர் மணலி, எண்ணூர் ஆலைகளில் வேதியியலாராகவும் பாதுகாப்பு அலுவலராகவும், வேறு சிலர் மாநகராட்சிச் சுகாதாரத் துறையிலும் பணிபுரிகின்றனர். தத்தம் ஆலையில் எந்தத் தொட்டியில் எப்பொருள் உள்ளது, அது வெளிப்பட்டால் ஊரார் முதலிற் செய்ய வேண்டுவது யாது என்பதைச் சட்டம் இடந்தரும் அளவில் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எளிய தமிழில் எழுதி அனுப்புவார்களாயின், அவற்றைத் தொகுத்துச் சிறு துண்டுத்தாளாக அச்சிட்டு, அடுத்த பருவமழைக்கு முன், புரட்டாசி மாதத்திற்குள், நம் மாணவரைக் கொண்டு சடையங்குப்பத்தில் வீடுதோறும் கொடுக்கச் சித்தமாயிருக்கின்றோம். வகுப்பில் அந்த வினாவைக் கேட்ட மாணவரே வழிகாட்டி வர இசைந்திருக்கிறார்.